தகட்டுக்கு மோதிரம் கிடையாது

மயிலாப்பூரில் எந்தக் கல்யாண மண்டபத்துச் சமையலறைக்குள் நுழைந்தாலும் நான் செய்த சாம்பார் அண்டா ஒன்று உட்கார்ந்திருக்கும். ராயப்பேட்டை டீக்கடைகளுக்குப் பால் பாய்லர், ஹாஸ்டல்களுக்கு ஆள் உயரத்துக்கு இட்லிப் பெட்டி, பால் கம்பெனிக்கு டேங்க், இப்போது பீர் காய்ச்சுகிற ஓட்டல்களுக்கு பீர் டேங்க். எல்லாம் எவர்சில்வர், எல்லாம் இந்தக் கை. படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் பாதியோடு சரி. நொச்சிக்குப்பத்தில் மீன் பிடிக்கிற குடும்பம், ஆனால் படகில் ஏறினால் எனக்கு வாந்தி வந்துவிடும், இரண்டு தரம் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு "இவன் கடலுக்கு ஆவமாட்டான்" என்று அப்பா கரையில் இறக்கிவிட்டார். நேராக வெல்டிங் பட்டறைக்குப் போனேன். இன்றைக்கு மந்தைவெளியில் சொந்தப் பட்டறை, மேலே சொந்த வீடு, பேங்க் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுக்கிறார். தேசப்பன் என்று கேட்டால் கோபாலபுரம் வரைக்கும் வழி சொல்வார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் நிழலைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. பேய், ஆவி, காத்துக் கருப்பு எதையும் நம்பினதே கிடையாது. பட்டறை வாசலில் எலுமிச்சம்பழம் தொங்குவதுகூட வருகிற பார்ட்டிகள் திருப்திக்காகத்தான். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடந்தது நடந்ததுதான்.

முதலில் பீர் விஷயம். எனக்குப் பழக்கம் எல்லாம் பாட்டில் பீர்தான். டேங்க் செய்ய ஆரம்பித்த பிறகு ஒரு ஓட்டலில், "நீங்க செஞ்ச டேங்க்ல விளைஞ்சது, குடிச்சுப் பாருங்க" என்று கோதுமை பீர் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். வாழைப்பழ வாசனை, பின்னாலேயே கிராம்பு வாசனை, இரண்டையும் உள்ளே போடவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். டிகாஷன் மாதிரி கறுப்பு பீர், நிலவேம்புக் கஷாயத்துக்குத் தம்பி மாதிரி ஒரு கசப்பு பீர், ஒவ்வொரு பப்பிலும் எந்தக் குழாயில் எது நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தி.நகரில் ஒரு இடத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டேன் என்றான் வாசல்காரன். உள்ளே இருக்கிற குழாயெல்லாம் நான் போட்டது, அவனுக்கு எங்கே தெரியும்? பேசாமல் பாண்டி பஜாரில் ஒரு ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன். இப்போது அவனே கதவைத் திறந்து "வா நைனா" என்கிறான்.

இனி கலீல் பாய். மீர்சாகிப்பேட்டைக்காரர், என் பட்டறையில் பாலிஷ் போட்டவர். நான் வெல்டிங் வைத்தால் அவர் டேங்குக்குள் இறங்கி அந்தத் தையலைக் கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டு வருவார். பீர் ஒரு சொட்டு தொட்டது கிடையாது, டீதான். டேங்குக்கு மேலே ஒரு வாய், ஒரு ஆள் நுழைகிற அளவுதான். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. வெளியே நிற்கிறவன் அப்பப்போ டேங்கை இரண்டு தட்டு தட்டுவான், உள்ளே இருக்கிறவன் நல்லபடியாக இருந்தால் ஒரு தட்டு பதிலுக்குத் தட்டணும். உள்ளே ஒருத்தன் இருக்கிறபோது இன்னொருத்தன் இறங்கவோ தலையை விடவோ கூடாது. வேலை முடிந்து வெளியே வந்தவன் டேங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடிப்பான். அந்த அடி விழுகிற வரைக்கும் டேங்குக்குள் ஆள் இருப்பதாகத்தான் கணக்கு. காலி டேங்காகவே இருந்தாலும் இரண்டு தட்டு தட்டாமல் நாங்கள் யாரும் தலையை உள்ளே விடமாட்டோம்.

பாய் பதில் தட்டுவதில் ஒரு குறும்பு. விரலில் வெள்ளி மோதிரம், அதனால் 'டிங்' என்று தட்டிவிட்டு அதே மோதிரத்தால் தகட்டில் 'சர்ர்ர்' என்று ஒரு இழு இழுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யோவ் பாய், தகட்டைக் கீறாதய்யா! பார்ட்டி பார்த்தா காசைக் குடுப்பானா?"

"நான் கீறினதை நான்தானே தேய்க்கப் போறேன், உனக்கு இன்னா தேசி? உசுரோடதான் கீறேன். டீ சொல்லு."

சர்க்கரை வியாதியில் பாய் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் எத்தனையோ பேர் பாலிஷ் போட்டார்கள், சும்மா தட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஓட்டலில் பீர் அங்கேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள், அதற்கு டேங்க் நான்தான். கவனியுங்கள், அந்தத் தகடு வாங்கினதே பாய் போன பிறகுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒருநாள் முதலாளி சஞ்சய் போன் பண்ணினார்.

"சார், உங்க டேங்க்ல எது காய்ச்சினாலும் புளிக்குது. உள்ள வெல்டிங் சொரசொரன்னு இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

வெல்டிங்கில் ஒரு முடி அளவு பள்ளம் இருந்தாலும் அழுக்கு தங்கிப் பீர் கெடும், அது உண்மை. ஆனால் தேசப்பன் வெல்டிங்கிலா? அதோடு விட்டால் பரவாயில்லை, இந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புது டேங்க் கேட்டிருந்த இரண்டு பப்காரர்கள் "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று இழுத்தார்கள். ஒரு டேங்க் புளித்தது என்று பெயர் வந்தால் பீர்க்காரன் ஒருத்தனும் நம்மிடம் வரமாட்டான். வாழ்நாள் பெயர் போகிறது.

ஆழ்வார்பேட்டைக்குப் போவதற்கு முந்தின நாளே தி.நகருக்கும் அடையாறுக்கும் போய் என் டேங்க் பீரெல்லாம் குடித்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரு குறை இல்லை. பரிசோதனைக்காகத்தான் குடித்தேன், அடையாறில் மட்டும் பரிசோதனை கொஞ்சம் நீண்டுபோனது. ஆனால் ஆழ்வார்பேட்டைக்குப் போன அன்றைக்கு வாயில் ஒரு சொட்டு படவில்லை, வெறும் காபி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு குடித்துவிட்டு உளறுகிறான் என்பீர்கள்.

பட்டப்பகல். கெட்டுப்போன பீரை எல்லாம் காலையிலேயே சாக்கடையில் விட்டு டேங்கைக் காலி பண்ணி வைத்திருந்தார்கள். பீர் காய்ச்சுகிற பெண் நிவேதா, அதற்கென்றே வெளிநாடு போய்ப் படித்தவள், நல்ல பிள்ளை.

"அங்கிள், இன்னும் காத்து விடலை. ஃபேன் எடுத்துட்டு வரேன், அதுவரைக்கும் திறக்காதீங்க."

"நான் செஞ்ச டேங்கைத் திறக்க எனக்கு நீ டைம் சொல்றியாம்மா?"

"அதுக்கில்ல அங்கிள், ரெண்டே நிமிஷம், ப்ளீஸ்."

அவள் போனாள். நான் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தேன். அவசரம் என்று சிலர் சொல்கிறார்கள், துணிச்சல் என்பதுதான் சரி. பெயர் போகிறபோது எவன் ஃபேனுக்குக் காத்திருப்பான்? டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டேன், தலையை உள்ளே விட்டு வெல்டிங் மொத்தத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். கை தானாகப் போய்த் தகட்டில் இரண்டு தட்டு தட்டியது, பழக்கம்.

உள்ளே இருந்து, 'டிங்'.

ஒரு மூச்சு விட்டு, 'சர்ர்ர்'.

நீங்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி, அந்த நேரத்தில் எனக்கு பாய் ஞாபகமே வரவில்லை, பயமும் வரவில்லை. வந்தது கோபம். எவனோ உள்ளே இருக்கிறான், அவன் மேலே மூடியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே ஆள் இருக்கும்போது தலையை விடக் கூடாது, அதனால் எட்டிப் பார்க்காமலே ஏணியில் இருந்து இறங்கிக் கத்தினேன்.

"இன்னாம்மா நிவேதா, உள்ள ஆளை வெச்சுக்கினு மூடிக் கீறீங்க? அறிவு கீதா உங்களுக்கு?"

ஃபேனோடு ஓடி வந்தவள் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள ஆளா? யாரு அங்கிள்?"

"எனக்கு இன்னா தெரியும்? தட்டினேன், பதிலுக்குத் தட்டுறான்."

ஃபேனைப் போட்டுவிட்டு அவளுடைய ஆட்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்தர் பாக்கி இல்லாமல் வந்து நின்றார்கள். பிறகு கேஸ் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு சின்ன மீட்டரைக் கயிற்றில் கட்டி டேங்கின் வாய்க்குள் இறக்கினாள். ஒரு முழம்கூடப் போயிருக்காது, அது குழந்தை மாதிரி வீறிட்டது. பீர் நுரைக்கிறபோது வருகிற கேஸ். பீரைத்தான் வெளியே விட்டிருந்தார்கள், கேஸ் முழுக்க உள்ளேயே குளம் மாதிரி நின்றிருந்தது. நாங்கள் இறங்கினதெல்லாம் புதுத் தகடு, பீர் ஊற்றின டேங்கில் நான் தலை விட்டதில்லை.

நிவேதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தலையை உள்ள விட்டிருந்தா ரெண்டு மூச்சுதான் அங்கிள். அப்படியே உள்ள விழுந்திருப்பீங்க."

அப்போதுதான் எனக்கு அந்தச் 'சர்ர்ர்' யாருடையது என்று உறைத்தது. நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் பயந்தது அதுதான் முதல் தடவை, அதுதான் கடைசித் தடவை.

காற்று விட்டு, மீட்டர் வாயை மூடிய பிறகு, நிவேதா விளக்கோடு உள்ளே ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். கண்ணாடி. "அங்கிள், இதுல பவுடர் போட்டுக்கலாம்" என்றாள். உள்ளே ஆளும் இல்லை, ஆள் இருந்த சுவடும் இல்லை. புளிப்புக்குக் காரணம் டேங்கில் இருந்து குழாய்க்குப் போகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம். இவர்கள் மாற்றவே இல்லை, பிளந்து அழுக்கேறிக் கிடந்தது. அதை மாற்றினார்கள், அடுத்த பீர் தேன் மாதிரி இருந்தது. சஞ்சய் தானே இரண்டு பப்காரர்களுக்கும் போன் போட்டுச் சொன்னார், அந்த ஆர்டர்கள் என் பட்டறைக்கே வந்தன.

ஆனால் தட்டின சங்கதியை மட்டும் அவர் நம்பவில்லை.

"சார், சுடுதண்ணி விட்டுக் கழுவியிருக்காங்க. சூடு ஆறும்போது தகடு சத்தம் போடும், சயின்ஸ்."

எனக்கே தகட்டைப் பற்றிப் பாடம்! "தம்பி, சூடு ஆறினா தகடு டப்புனு ஒரு சத்தம் போடும், அது எனக்குத் தெரியும். தட்டிட்டு இழுக்காது. தகட்டுக்கு மோதிரம் கிடையாது" என்றேன். அந்த மோதிரம் இப்போது துபாயில் பாய் மகன் கையில் இருக்கிறது. சந்தேகத்துக்கு அவனுக்கே போன் போட்டுக் கேட்டேன். "கையிலதான் கீது மாமா, ஏன்?" என்றான். ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன்.

இதற்கப்புறமும் அந்தப் பப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கோதுமை பீர் இந்த ஊரிலேயே அங்கேதான் முதல் தரம். ஒரு கிளாஸ் எனக்கு, பக்கத்தில் ஒரு டீ, அதை யாரும் குடிப்பதில்லை, சர்வர் பையன் கேட்பதையும் விட்டுவிட்டான். எழுந்து வருகிறபோது டேங்கை இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பேன். பதில் வருவதில்லை. நிவேதா ஆட்கள் அதில் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் இறங்கமாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன். பயம் இல்லை, முறை. உள்ளே இருக்கிறேன் என்று பாய் அன்றைக்குத் தட்டினார். வெளியே வந்துவிட்டேன் என்று வெளிப்பக்கம் அடிக்கிற அந்த ஒரு அடி இன்னும் விழவில்லை. பாதி ராத்திரியில் முழிப்பு வந்தால் எனக்கு அந்த அடிதான் காதில் விழுகிறதா என்று இருக்கும்.

இன்னொரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். இப்போது சனிக்கிழமைகளில் அந்த ஓட்டலில் ஆட்களைக் கூட்டிப்போய் பீர் எப்படிக் காய்ச்சுகிறோம் என்று சுற்றிக் காட்டுகிறார்கள். டேங்க் பக்கம் வந்ததும், "எங்க கேஸ் மீட்டர் ஒரு பெரியவர் உயிரைக் காப்பாத்திச்சு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். மீட்டர் இறங்குவதற்கு முன்னாலேயே நான் ஏணியில் இருந்து இறங்கியாயிற்று! சஞ்சய் தம்பிக்கு இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். அந்த டேங்கைச் செய்தது நான். தட்டணும் என்ற முறையைப் பட்டறையில் கொண்டுவந்தது நான். அன்றைக்குத் தட்டினதும் நான். தட்டாமல் இருந்திருந்தால் எவர் பதில் சொல்லியிருப்பார்? டேங்கில் ஒரு பித்தளைத் தகடு அடித்து அதில் தேசப்பன் என்று கொட்டை எழுத்தில் போடணும். பதில் தட்டினதற்கு பாய் பெயரையும் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பெயருக்குக் கீழே போட்டால் போதும், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.