டவாலி நல்லகாமன் துப்பாக்கி எடுத்த கதை

நல்லகாமனுக்குக் கடவுள் கொடுத்த சொத்து தொண்டை ஒன்றுதான். தல்லாகுளம் பக்கம் ஒரு முன்சீப் கோர்ட்டில் அவர் டவாலி. வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதன் நடுவில் ஒரு பித்தளை வில்லை. உள்ளே வழக்கு எடுத்ததும் வாசலுக்கு வந்து ஆளின் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால் வாய்தா போட்டுவிடுவார்கள். அவர் கூப்பிட்டால் எதிர்க் கடையில் பாய்லர் மூடி அதிரும் என்று சொல்வார்கள். நான் அதே கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன். மூடி அதிர்ந்து நான் பார்த்ததில்லை. என் சட்டையில் டீ சிந்தியிருக்கிறது.

இவ்வளவு தொண்டை இருந்தும் அவர் சொல்லை ஒரு ஜீவன் கேட்காது. வராண்டாவில் எச்சில் துப்பாதே என்பார், அவர் காலடியிலேயே துப்பிவிட்டு நகர்வார்கள். வீட்டில் வாயைத் திறந்தால் மனைவி ரெங்கம்மாள், "அந்தச் சத்தத்தக் கோர்ட்டோட வச்சுக்கங்க, இங்க காது கேக்குற ஆளுகதான் இருக்கோம்" என்பார். கேட்கும், ஆனால் கேட்க மாட்டார்கள்.

எல்லாரையும்விட அவரை வதைத்தவன் கருத்தக்கண்ணன் என்ற சாட்சி. அது ஒரு வரப்புத் தகராறு. எல்லைக்கல் முதலில் எங்கே இருந்தது என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், அவன் வராமல் வழக்கு ஓர் அங்குலம் நகராது. சம்மன் கொண்டு போனால் ஆள் ஊரில் இல்லை என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். இதில் வக்கீல்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வாய்தா இருக்கும்வரை அவர்கள் அடுப்பு எரியும், என் வக்கீல் அடுப்பும் சேர்த்துத்தான். வருத்தப்பட்டது நல்லகாமன் மட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டுவிட்டு, காலியான வாசற்படியைப் பார்த்தபடி நிற்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கூப்புட்டு அந்தப் பய வந்து நிக்கணும் தம்பி. பெறகு என்னைய எங்க தூக்கிப் போட்டாலும் சரி" என்று என்னிடம் சொன்னார்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் என்று ஞாபகம். குதிரையும் தொப்பியும் துப்பாக்கியுமாக ஓர் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு வந்தார். அதில் ஓர் ஒல்லி ஆள் நடுத்தெருவில் வந்து நிற்கிறானாம். வாயே திறக்கவில்லையாம். ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறதாம். கை இடுப்புக்குப் போனதும் தெரியவில்லை, துப்பாக்கி வெளியே வந்ததும் தெரியவில்லை, எதிரே நின்றவன் மட்டும் கீழே கிடந்தானாம்.

"தொண்டையே இல்லாம எம்புட்டு மருவாதை பாத்தீகளா" என்று மலைத்துப்போனார்.

மறுவாரமே வேலையைத் தொடங்கிவிட்டார். தீபாவளிக்கு மகனுக்கு வாங்கிய, சுருள் கேப்பு வைத்துச் சுடும் தகரத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம் போனார். அங்கே ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு வார் தைக்கும் காசிம் பாயிடம், இடுப்பில் கட்ட ஒரு தோல் உறை வேண்டும் என்றார்.

"குதிரை என்ன உயரம்?" என்று அளவு நாடாவை எடுத்தார் காசிம் பாய்.

"குதிரைக்கு இல்ல. எனக்கு."

காசிம் பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதே நாடாவால் இடுப்பை அளந்தார். தொழில் பக்தி என்றால் அது. தொப்பி மட்டும் சரியாக அமையவில்லை. கொடைக்கானல் போன மச்சினன் தன் பெண்டாட்டிக்கு வாங்கிய அகலத் தொப்பியைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த பிளாஸ்டிக் பூவைப் பிய்த்துவிட்டு வைத்துக்கொண்டார். பூ இருந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. போதாததற்கு ரிப்பன் வேறு ரோஸ் கலர்.

வீட்டுக் கொல்லையில் பழகினார். அக்கம்பக்கத்தில் மாடிக்கு மாடி ஆள் கூடிவிட்டது. ரெங்கம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "எங்கிட்டாவது கண்காணாத எடத்துல போயி ஆடுங்க, சாமி வந்துருக்குன்னாவது சொல்லிக்கிறேன்" என்று துரத்தினார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலைக்குப் பின்பக்கம் ஒரு பாறை மறைவைப் பிடித்தார். அங்கே ஆடு மேய்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். காக்கி முழுக்கால் சட்டை, மேலே பனியன், தொடையோடு சேர்த்து ஷூ கயிற்றால் கட்டிய தோல் உறை, தலையில் அந்தத் தொப்பி. எதிரே ஒரு பாறைத்துண்டில் கரியால் மீசை வரைந்து வைத்திருந்தார். அதுதான் கருத்தக்கண்ணன். துப்பாக்கி எடுக்க ஒரு சைகை வேண்டுமே. மற்றவனாக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான். இவர் டவாலி, எண்ணத் தெரியுமா? காலை அகட்டி நின்று, வலது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மலை கிடுகிடுக்கக் கூப்பிட்டார்.

"கருத்தக்கண்ணேன்... கருத்தக்கண்ணேன்... கருத்தக்கண்ணேன்..."

மூன்றாவது கூப்பாடு முடியும்போது கை இடுப்புக்குப் பாய்ந்தது. துப்பாக்கி கையிலிருந்து நழுவி மேலே போய், இறங்கும்போது என் கால் பெருவிரலில் விழுந்தது. அடுத்த தடவை கையில் நின்றது, ஆனால் கேப்பு நமத்துப் போயிருந்தது, வெடிக்கவில்லை. அவர் அசரவில்லை. "டுமீல்" என்று வாயாலேயே வெடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கேப்பு வெடித்திருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது. பாறைகள் எல்லாம் அதைத் திருப்பிச் சொல்ல, மேலே மேய்ந்த ஆடுகள் திசைக்கொன்றாக ஓடின.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் மாசம் போகப் போக ஆளுக்கு நிஜமாகவே வேகம் வந்துவிட்டது. கை அசைவதே கண்ணுக்குத் தெரியாது. படத்தில் வந்த ஒல்லி ஆள் எதிரே நின்றிருந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான்.

வினை அங்கேதான் முளைத்தது. கோர்ட்டில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் மூன்றாவது கூப்பாட்டுக்கு அவர் வலது கை தன்பாட்டுக்கு இடுப்புக்குப் போக ஆரம்பித்தது. பழைய முன்சீப் பாதித் தூக்கத்தில் இருப்பார், கவனிக்கவில்லை. புதிதாக வந்த பட்டாபிராமன் அப்படிப்பட்டவர் இல்லை. ஈ பறந்தாலும் எந்த ஈ என்று கேட்கிற ஆள்.

"என்னய்யா அது, மூணாவது தடவை மட்டும் இடுப்புல?"

"சொறிங்கய்யா."

"சொறி என்ன கணக்குப் பண்ணியா வருது? இன்னொரு தடவை பார்த்தேன்னா உன்னை ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவேன். அங்க உக்காந்து சாவகாசமா சொறிஞ்சுக்கோ."

ரெக்கார்டு ரூமில் பழைய கட்டுகளும் கரையானும்தான். கூப்பிடுவதற்கு ஆள் கிடையாது. நல்லகாமனுக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் கூடவே நடந்தார். "கேக்குறாகளோ இல்லையோ, கூப்புடுறது என் வேலை தம்பி. அதையும் புடுங்கிட்டா நான் ஆரு?" என்றார். அவர் சைக்கிளை வாங்கி நான் உருட்டினேன். அதுவரை சிரித்தவன் நான்தானே.

துப்பாக்கியைப் பரணில் போட்டார். மலைக்குப் போவதை நிறுத்தினார். கை நிற்கவில்லை. வலது கையில் வழக்குக் கட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார். நல்லவேளை, அன்றைக்கு நீதிபதி உள்ளறையில் இருந்தார். கட்டு பறந்துபோய் என் வக்கீலின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. என் வக்கீலுக்கு அது வேண்டியதுதான் என்பது வேறு விஷயம். கடைசியில் ரெங்கம்மாளே சிவப்புப் பட்டைக்கு உள்பக்கம் ஒரு நாடா தைத்து, வலது மணிக்கட்டை அதில் கட்டி அனுப்பினார். "பேசாம இடுப்புல எறும்புப் பொடி போட்டுக்கங்க, சொறியிறதாச்சும் நெசமாகும்" என்று யோசனையும் சொல்லியிருந்தார்.

கை கட்டிய அன்றைக்குத்தான் வரப்பு வழக்கு வந்தது. பட்டாபிராமன் கண்ணாடியை இறக்கி, நேராக நல்லகாமனின் இடுப்பையே பார்த்தபடி, "சாட்சியைக் கூப்பிடு" என்றார்.

நல்லகாமன் வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போய் நின்றேன். என் குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டேன். முதல் கூப்பாடு சுகமாகப் போனது. இரண்டாவதில் மணிக்கட்டு துடித்தது. மூன்றாவது கூப்பாடு மலையில் கேட்டதைப் போலவே கிளம்ப, நாடா பட்டென்று அறுந்தது. கை இடுப்பைத் தொட்டு, இல்லாத துப்பாக்கியை உருவி, ஆள்காட்டி விரலை வாசலுக்கு நேராக நீட்டியது. வாய் சும்மா இருந்ததா? அதுவும் "டுமீல்" என்றது.

வராண்டாக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் தலையில் துண்டும் தோளில் தொரட்டிக்கம்புமாக ஓர் ஆள் நின்றான். கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான்.

"சுட்டுறாதீக. வந்துட்டேன். நாந்தேன் கருத்தக்கண்ணன்."

நல்லகாமன் நீட்டிய விரலை மடக்க மறந்து நின்றார். அப்படியே இருவரையும் உள்ளே கூட்டிப்போனோம், ஒருவர் விரலை நீட்டியபடி, ஒருவன் கையைத் தூக்கியபடி. கோர்ட்டில் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"இத்தனை வருஷமா எங்கேய்யா இருந்தே?" என்றார் பட்டாபிராமன்.

"கீழக்குயில்குடில, பொண்டாட்டி ஊர்லங்கய்யா. ஆடு மேய்க்கிறேன். சம்மன் வந்தா ஆளில்லன்னு சொல்லிச் சமாளிச்சுட்டோம். ஆனா கோர்ட்டே மலைக்கு வந்துருச்சுங்கய்யா. ஞாயித்துக்கெழம தவறாம தொப்பி வச்ச ஆபீசரு ஒருத்தரு வந்து என் பேரச் சொல்லி மூணு தடவ கூப்புடுவாரு. நான் போகலன்னதும் சுடுவாரு. பாறைக்குப் பின்னால படுத்துக்குவேன்."

"அப்புறம் இன்னிக்கு மட்டும் ஏன் வந்தே?"

"கொஞ்ச நாளா கூப்புடவே இல்லங்கய்யா. சரி, கூப்புட்டுப் பாத்துட்டாக, இனிமே நேரா வீட்டுக்கு வந்து சுட்டுருவாகன்னு நெனச்சு, என்னைக்கு வாய்தான்னு கேட்டுக்கிட்டு வந்தேன். அதோட..." அவன் குரல் இறங்கியது. "லீவு நாளுன்னுகூடப் பாக்காம, வேகாத வெயில்ல எனக்காக ஒரு ஆளு வந்து தொண்ட கிழியக் கூப்புட்டுருக்காரு. எங்க வீட்டுல சோத்துக்குக்கூட என்னைய அப்பிடி ஆரும் கூப்புட்டதில்லங்கய்யா. போகாம இருக்க மனசு கேக்கல."

பட்டாபிராமன் நல்லகாமனைப் பார்த்தார். நீட்டியிருந்த விரலைப் பார்த்தார். அறுந்து தொங்கிய நாடாவைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருமினார். அது இருமல் இல்லை என்பது தோள் குலுங்கியதிலேயே தெரிந்தது.

"சரிய்யா, கையை இறக்கு. சாட்சி சொல்லு."

அவன் இறக்கவில்லை. வக்கீல்கள் சொல்லிப் பார்த்தார்கள். நீதிபதி மறுபடி சொன்னார். அவன் நல்லகாமனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவரு சொல்லட்டுங்கய்யா" என்றான்.

பட்டாபிராமன் கைக்குட்டையை மடித்து வைத்தார். "டவாலி, நீங்களே சொல்லுங்க" என்றார். அந்த 'டவாலி'யைக் கேட்ட பிறகுதான், இனி ரெக்கார்டு ரூம் இல்லை என்று எனக்கு மூச்சு வந்தது.

நல்லகாமன் வாயைத் திறந்தார். கண் இரண்டும் நிறைந்திருந்தன. அந்தத் தொண்டையிலிருந்து, முன்வரிசைக்குக்கூட எட்டாத சத்தம்தான் வந்தது.

"எறக்கு மாப்ள."

அவன் இறக்கினான்.