வேர்வைக்குச் சீட்டு கிடையாது

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசருக்கு நோயாளி வருவதற்கு முன்பே அவரைப் பற்றிய தீர்ப்பு வந்து சேர்ந்துவிடும். என்னைப் போல மருந்து அலமாரிச் சாவியோடு தோட்டம் தோட்டமாக அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் மந்தின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். அப்போது இளவயது. இப்போது ஐம்பதைத் தாண்டி, என் உடம்பும் என்னைக் கேட்காமல் ஏதேதோ செய்யத் தொடங்கிய பிறகுதான் அங்கே பால்வெட்டிய அஞ்சலையை அதிகம் நினைக்கிறேன்.

கேட்டடி

தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசியோ ஒரு மாத்திரையோ போய்விடக் கூடாதென்று, விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களைப் போலீஸ்காரர்கள் வேலியின் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க பொன்னம்மா என்றொருத்தி இருந்தாள். பனி விலகாத விடியலில் அஞ்சலைக்கு மட்டும் வேர்வை கொட்டியது. சேலையிலும் ஒன்றும் இல்லை, பால்வாளியிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் மறைக்காதவளுக்கு ஏன் வேர்க்கிறது என்று கேட்டுக் காவலுக்கு இருந்த போலீஸ் கார்ப்பரல் அவளை என்னிடம் கொண்டுவந்தான்.

காய்ச்சல் இல்லை. ஐம்பதை ஒட்டிய வயது. தீட்டு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ராத்திரியில் பாயே நனைகிறது என்றாள். அந்த வயதில் சிலருக்கு இப்படி அனல் எழும்பும், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். கார்ப்பரல் கெட்டவனல்ல. ஆனாலும், வேர்வைக்குச் சீட்டு கொடுத்தால் நாளைக்குத் தோட்டமே வேர்க்கும் என்றான். இனியும் இப்படி வேர்த்து நின்றால் விசாரணைக்குச் சிரம்பான் போலீஸுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சந்தேகத்தில் போனவர்களில் சிலர் நாடுகடத்தப்பட்டு இந்தியாவில் இருக்கும் ஊருக்கே கப்பலேறியதை எல்லாரும் அறிவோம். அஞ்சலைக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. பிள்ளைகளெல்லாம் இங்கேதான்.

"வேர்த்ததுக்குமா ஐயா கப்பல்ல ஏத்துவாங்க?" என்று கேட்டாள்.

யாருக்கு மாத்திரை

வாரம் ஒருமுறை வரும் டாக்டரிடம் சொன்னேன். உடம்பில் குறைந்துபோன ஹார்மோனை மாத்திரையாகக் கொடுக்கலாம், அனல் தணியும், தூக்கம் வரும் என்றார். மார்பில் கட்டி இருந்தால் கொடுக்கக் கூடாது. உதிரம் மறுபடி பட்டால் உடனே நிறுத்திக் கருப்பையைச் சோதிக்க வேண்டும். ஆகவே குறைந்த அளவு, குறைந்த காலம். இத்தனையையும் நான்தான் தமிழில் அஞ்சலைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

வாசலில் நின்ற அவள் புருஷன், மறுபடி பிள்ளை உண்டாகிவிடுமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்படியெல்லாம் ஆகாது என்று டாக்டர் சொல்வதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள்.

"நீ ஏய்யா மெரளுற? மாத்திரை எனக்குத்தானே."

கொடுத்து வைத்தவள்

மருந்து வேலியைத் தாண்டக் கூடாது என்பதால் தினமும் என் முன்னாலேயே விழுங்கிவிட்டுப் போவாள். சில வாரங்களில் அனல் தணிந்தது. நன்றாகத் தூங்குகிறேன் என்றாள். கேட்டில் யாரும் அவளைத் தனியே நிறுத்தவில்லை.

ஒருநாள் பொன்னம்மா வந்தாள். அவளுக்கும் அதே அனலாம், அதே வேர்வையாம். தன்னை யாரும் சோதிப்பதில்லை என்பதால், முகத்தைத் துடைத்துக்கொண்டே மற்றவர்களைச் சோதித்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு முன்பு மார்பில் கட்டி வந்து அறுத்து எடுத்திருந்தார்கள். டாக்டர் முடியாதென்று சொல்லிவிட்டார். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் சொன்னபோது அவள் கோபப்படவில்லை.

"அஞ்சல கொடுத்து வச்சவ, டிரசரய்யா," என்றாள்.

மறுபடி கேட்டடி

சில மாதங்களில் அஞ்சலைக்கு உதிரம் பட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு அவளைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நல்லவேளை, கெடுதலாக எதுவும் இல்லை. ஆனால் இனி மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான், கொடுத்ததும் சரிதான். என்னை அரிப்பது வேறு. கேட்டைப் பற்றிய பயம் இல்லாதிருந்தால் அவள் அந்த மாத்திரையை விழுங்கியிருப்பாளா? நான் வைத்தியம் பார்த்தது அஞ்சலைக்கா, கேட்டுக்கா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அனல் திரும்பியது. அன்று காலையில் நானும் கேட்டடிக்குப் போய் நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அஞ்சலையின் நெற்றியில் வேர்வை துளிர்த்ததும் கார்ப்பரல் அவளைத் தனியே நிற்கச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னம்மா குறுக்கே வந்தாள். தன் முந்தானையால் அஞ்சலையின் முகத்தைத் துடைத்தாள், அதே முந்தானையால் தன் கழுத்தையும் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குந்தான் வேர்க்குது தம்பி. அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்பு. நாளையிலேர்ந்து பொம்பளைங்கள நீயே தடவிப் பாரு."

கார்ப்பரல் கேட்டைத் திறந்துவிட்டான்.

அந்த மாத்திரையின் நன்மை தீமைகளை எனக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்தார், கேட்டைத் திறந்த மருந்து மட்டும் என் அலமாரியில் ஒருநாளும் இருந்ததில்லை.