பக்கத்து இருக்கையின் எடை

மணி சார் போய்விட்டார். நேற்று மதியம், கொல்கத்தாவில். அவர் மகள் அனுப்பிய மெசேஜை இன்று காலைதான் பார்த்தேன்.

இங்கே என் நண்பர்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. எண்பதுகளில் கொல்கத்தா அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட், அவர் செக்‌ஷன் ஆபீசர். திருச்சிக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

எங்களைப் பழக வைத்தது ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர்.

எங்கள் செக்‌ஷனில் பிமல்-தா என்று ஒருவர். அவருடைய அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வெளிநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும், அதில் விமானம் ஓட்டுகிற ஒரு புரோகிராமும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். காளிகாட்டில் பிமல்-தா வீட்டு டிவியோடு அதை இணைத்துவிட்டு, சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவோம்.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். இரண்டு கோடு சேர்ந்தால் ரன்வே, ஒரு முக்கோணம் இருந்தால் மலை... அவ்வளவுதான். அதற்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரு நாள் பிமல்-தா விமானத்தைக் கிளப்பி மேலே ஏற்றுகிறார், லோட்ஷெட்டிங். திரை செத்துவிட்டது. "எஞ்சின் ஃபெயிலியர்!" என்று அவர் கத்த, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மணி சார் சிரிக்கவில்லை.

கரண்ட் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தோம். அடுத்த பதிப்பில் எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று.

பிமல்-தாவுக்குக் கலர் வேண்டும், ஹௌரா பாலம் வேண்டும், டம்டம் ஏர்போர்ட் வேண்டும். எனக்கு மேகமும் மழையும். எழுதிக்கொண்டே போனேன்.

"உங்களுக்கு என்ன சார்?"

"எஞ்சின் தானா நிக்கணும், லலிதா. எப்போ நிக்கும்னு ஓட்டுறவனுக்குத் தெரியக்கூடாது."

"நாமே நிறுத்திக்கலாமே சார்?"

"நாமே நிறுத்தினா கை ரெடியா இருக்கும். அது வேற."

அட்டைப்பெட்டியில் இருந்த முகவரிக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் பிமல்-தாவின் அண்ணன் கொண்டுவந்த புதுப் பதிப்பில், எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. எங்கள் கடிதத்தால் இருக்காது... இருந்தாலும் எங்களுக்குப் பெருமை.

அதன் பிறகு மணி சார் வேறு எதையும் ஓட்டவில்லை. கிளம்புவார். நூறு அடி, இருநூறு, நானூறு. எஞ்சின் எப்போது நின்றாலும், வந்த ரன்வேக்கே திரும்பப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் தரையில் மோதும். வாரக்கணக்கில் மோதியது. மோதினால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்கு அது அப்போது புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை என் முறை. ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது. யோசிக்கவில்லை. மூக்கைக் கீழே அழுத்தி, இடது பக்கம் ஒரே திருப்பு. ரன்வே கோடுகள் எங்கிருந்தோ எதிரே வந்தன. விமானம் தரையில் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

"தாருண், லலிதா!" பிரமாதம் என்று வங்காளத்தில் கத்திக் கைதட்டினார் பிமல்-தா.

மணி சார் கேட்டது ஒன்றுதான். "எத்தனை அடியில நின்னுச்சு?"

"நானூறு சார்."

அன்று டிராம் ஸ்டாப்புக்கு நடக்கும்போதுதான் சொன்னார்.

"சின்ன வயசுல ஒரு ஃப்ளையிங் கிளப்ல இருந்தேன். லைசென்ஸ் கையில வந்து மூணு மாசம். பக்கத்து சீட்ல தீபங்கர்னு என் ஃப்ரெண்ட். நானூறு அடியில எஞ்சின் நின்னுடுச்சு. நேரா கீழ இருந்த வயல்ல இறக்கினேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அவனுக்கு வலது கால் போயிடுச்சு."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"ஆஸ்பத்திரியில கேட்டான்... ஃபிர்லி நா கேனோ? ஏன்டா திரும்பலன்னு. ரன்வே பின்னாடியே இருந்துச்சு. திரும்பியிருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம்னு சொன்னேன். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க." என்னைப் பார்க்காமல் சொன்னார். "இன்னிக்கு நீங்க திரும்பிட்டீங்களே."

டிராம் வந்தது. ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தார். கம்பெனிக்கு இன்னொரு கடிதம். ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த பதிப்பில், பக்கத்து இருக்கையில் உட்காருபவரின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆள் கூடினால் விமானம் இன்னும் வேகமாக இறங்கும், திரும்ப நேரம் இருக்காது.

"உதாரணத்துக்கு ஒரு எடை போடலாமா சார்?" என்றேன்.

"எழுபத்திரெண்டு கிலோ." உடனே சொன்னார்.

டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்டார். அதற்கும் பதில் இல்லை. சனிக்கிழமைகளில் அவர் வருவது நின்றுபோனது. நானும் பிமல்-தாவும் கொஞ்ச நாள் ஓட்டினோம்... பிறகு நாங்களும் விட்டுவிட்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஆபீஸ் வேலையாக எங்கள் இருவரையும் வடக்கு வங்காளத்தில் இருக்கும் பாக்டோக்ராவுக்கு அனுப்பினார்கள். எங்கே போனாலும் ரயிலில்தான் போவார் மணி சார். அந்த வாரம் ரயில் பாதையில் வெள்ளம். விமானம்தான்.

டம்டமில் ஏறினோம். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். விமானம் கிளம்பியதும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால்... "முந்நூறு... நானூறு... ஐநூறு..."

ஆயிரம் என்றதும் கண்ணைத் திறந்தார்.

"தீபங்கருக்குக் கல்யாணமாம், லலிதா. நேத்து பத்திரிகை கொண்டுவந்து குடுத்தான். இத்தனை வருஷம் கழிச்சு, வீட்டுக்கே வந்தான்."

"போவீங்களா சார்?"

"போகணும்."

ஏர்ஹோஸ்டஸ் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். பாக்டோக்ராவில் நான்தான் எழுப்பினேன்.

போய்ட்டு வாங்க, மணி சார்.