புகையிலை இல்லாத ஊரில் ஒரு வாய்ப் பரிசோதனை

1. தலைவரின் மச்சான்

கல்வராயன் மலைக்கு மாற்றலாகிப் போன முதல் நாளே, வட்டார மருத்துவ அலுவலர் என் கையில் ஓர் அபராத ரசீது புத்தகமும் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட்டும் கொடுத்தார். நான் சுகாதார ஆய்வாளர். ஊர்களில் என் பெயர் கொசு மருந்து சார். பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைக்கக் கூடாது. எல்லையில் கோடு போட வேண்டும், மீறினால் ரசீது போட வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் ஆரம்பித்தோம். 'புகையிலை இல்லாத ஊர்' என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் பாதிப் பேர் இன்னொரு கையில் பீடியை மறைத்திருந்தார்கள். டேப் பிடித்துக் கோடு போட்டால், அது ஒரு பெட்டிக்கடையின் நடுவில் விழுந்தது. கடைக்காரர் பீடிக்கட்டுகளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார். மறுபடி அளந்தேன். கோடு நாலடி தள்ளிப் போய், கடை முழுக்க உள்ளே வந்தது.

முதல் ரசீது ஊராட்சித் தலைவரின் மச்சானுக்கு. பஸ் நிறுத்தத்தில் புகைத்துக்கொண்டிருந்தார். தயங்கி நின்ற என்னிடம் தலைவரே வந்து, "எழுதுங்க சார், எங்க வூட்லருந்தே ஆரம்பிக்கட்டும்" என்றார். மச்சான் தலைவரிடம் மூன்று மாதம் பேசவில்லையாம். ஊர் அன்றே அடங்கிவிட்டது.

அந்த ஊர்ப் பெண்கள் பீடி குடிப்பதில்லை. காட்டு வேலைக்குப் போகும்போது கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொள்வார்கள், பசி தெரியாது என்பார்கள். மச்சான் கதை பரவியதும், வாயில் புகையிலை போட்டாலே ஃபைன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. எனக்குத் தெரியும். பயந்தாவது விடட்டுமே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

2. முகாம்

ஏழெட்டு மாதம் கழித்து அங்கேயே வாய்ப் புற்றுநோய் கண்டறியும் முகாம். கள்ளக்குறிச்சியிலிருந்து பல் டாக்டரம்மா ஒருவர் ஜீப்பில் வந்தார். பள்ளி வராந்தாவில் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நான். பக்கத்தில் என் பை. பைக்குள் ரசீது புத்தகம். அது ஊருக்கே தெரியும்.

படிவத்தில் முதல் கேள்வி, புகையிலைப் பழக்கம் உண்டா? எல்லாரும் இல்லீங்க என்றார்கள். இல்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டியதில்லை, சர்க்கரை, பிரஷர் பார்த்து அனுப்பிவிடலாம். பச்சையம்மாள் என்று ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று எழுதிக்கொண்டேன். டாக்டரம்மா இரண்டு தடவை டீ குடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். பதிவேட்டைப் பார்த்த அலுவலர் என்னைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். நானும் எழுந்து நின்றேன்.

3. டார்ச்

அடுத்த இரண்டாம் மாதம் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் பார்க்கப் போனேன். பச்சையம்மாள் தொட்டிக்கு அருகில் காத்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றார். மடியிலிருந்து ஓர் இருநூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

"ஃபைன் இந்தாங்க சார். மொதல்ல வாங்கிக்கினு, அப்பறம் கொஞ்சம் வாய்க்குள்ள பாருங்க."

நோட்டை வாங்கவில்லை. கொசுப்புழு பார்க்கிற டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஈறை ஒட்டிப் புண். மறுநாள் அவரையும் அவர் கணவரையும் பஸ்ஸில் ஏற்றி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டரம்மாதான் இருந்தார். புண் எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"முகாம் அன்னிக்கே இருந்துச்சுங்க" என்றார் பச்சையம்மாள். "ஃபைன் போடுவாங்கன்னு பயந்துக்கினு இல்லன்னு தலையாட்டிட்டேன். சாரும் இல்லன்னு எழுதிக்கினாரு."

கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். முகாம் அன்றே பார்த்திருந்தால் சின்ன வேலையாக முடிந்திருக்கும் என்று டாக்டரம்மா பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பச்சையம்மாளிடம் சொல்லவில்லை.

அடுத்த கிராம சபையில் எழுந்து, புகையிலை போடுபவர்களுக்கு ஃபைன் கிடையாது, அது தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்தேன் என்றேன். மறு முகாமில் பதிவேட்டை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஊருக்குள்ளேயே போகாமல் ஜீப்பில் இருந்தேன். பாதிக்கு மேல் 'உண்டு' என்று வந்தது. ஒரே வருடத்தில் எப்படிய்யா இவ்வளவு ஜாஸ்தி ஆச்சு என்று அலுவலர் சத்தம் போட்டார். ஜாஸ்தி ஆகவில்லை சார், இப்போதுதான் சொல்கிறார்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது ஒன்றுதான். கோடு போடுங்கள், கடைக்காரருக்கு ரசீதும் போடுங்கள், அது வேண்டும். ஆனால் ரசீது போட்ட கையோடு போய் நோயைப் பற்றிக் கேட்காதீர்கள். பயந்தவர்கள் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள்.

பச்சையம்மாள் இருக்கிறார். பேச்சு கொஞ்சம் குழறும். மலைக்குப் போனால் சாப்பிட்டுப் போகச் சொல்வார். அவர் அந்த முகாமைப் பற்றி அப்புறம் ஒரு நாளும் பேசியதில்லை. நான்தான் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன்.