மார்க்கத்தில் நான் வைக்காத கையெழுத்து

1986ஆம் ஆண்டு, ரொறன்ரோவில் பனி கரையத் தொடங்கிய நேரம். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்தோம். என் கணவரும் அவருடைய சிநேகிதரும் பக்கத்து நகரமான மார்க்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்கு பெயின்ற் அடித்து முடித்திருந்தார்கள். சொந்தமாக எடுத்த முதல் வேலை. வீட்டைக் கட்டிய கொந்தராத்துக்காரரோ அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வீட்டு வாடகை பிந்திவிட்டது.

ஒருநாள் அவருடைய ஒஃபிசிலிருந்து வரச் சொன்னார்கள். வேலை என் பெயரிலும் பதிந்திருந்ததால் நான் போனேன். "என்னத்தைத் தந்தாலும் சைன் வைச்சு வாங்கிக்கொண்டு வாரும்" என்று சொல்லித்தான் கணவர் அனுப்பினார்.

அங்கிருந்த மனேஜர் ஒரு பேப்பரை நீட்டினார். முழுக்காசும் கிடைத்துவிட்டது, இனி அந்த வீட்டின்மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று அதில் இருந்தது. செக் எங்கே என்று கேட்டேன். சைன் வையுங்கள், வெள்ளிக்கிழமை தபாலில் வரும் என்றார். எப்படியாவது காசு வந்தால் போதும் என்று பேனையை எடுத்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அதே வீட்டுக்குத் தரை ஓடு பதித்த இத்தாலியர். அவருக்கும் காசு வரவில்லை. சட்டென்று எழும்பி, "வைக்காதே! செக் கைக்கு வரட்டும். உந்தப் பேப்பரிலை சைன் வைச்சால் அந்த வீட்டிலை உனக்கிருக்கிற பிடி போயிடும்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சத்தமாகவே சொன்னார். மனேஜரின் முகம் சிவந்தது. அடுத்த வீட்டு வேலைக்கு நீ வரத் தேவையில்லை என்று அவரைப் பார்த்துக் கத்தினார். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு வெளியே வந்துவிட்டார்.

முன்பு ஒருமுறை இப்படிக் கையெழுத்து வைத்து, ஒரு கோடைகால உழைப்பு முழுவதையும் இழந்தவராம். அன்றே தன் ட்ரக்கில் என்னைத் தனக்குத் தெரிந்த லோயரிடம் கூட்டிப்போனார். வேலை செய்தும் காசு வராதவர்கள் அந்த வீட்டின்மேல் உரிமை கோரச் சட்டம் தந்த தவணை முடியப்போகிறது, நல்லவேளை இன்றைக்கு வந்தீர்கள் என்றார் லோயர். ஃபீசைப் பிறகு தரலாம் என்று, எங்கள் உரிமையை அந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பதிய ஏற்பாடு செய்தார்.

பின்னேரம் வீட்டில் பெரிய சண்டை. "காசு வாங்க அனுப்பினால் கேஸ் போட்டுட்டு வந்து நிக்கிறீர்" என்று கணவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். சிநேகிதர் கடன் வாங்கி எங்கள் வாடகையைக் கட்டினார்.

ஆனால் அந்த வீட்டை வாங்க ஒரு குடும்பம் காத்திருந்தது. எங்கள் உரிமை அதன்மேல் இருக்கும்வரை விற்பனை முடியாது. கொஞ்ச நாளில் அதே மனேஜர் போன் எடுத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். லோயரின் ஒஃபிசில் முழுக்காசுக்கும் பாங்க் ட்ராஃப்ற் கைக்கு வந்த பிறகுதான் நான் கையெழுத்து வைத்தேன்.

எங்களைப் போலவே உரிமையைப் பதிந்திருந்த அந்த இத்தாலியருக்கும் காசு கிடைத்தது. போன வேலை மட்டும் திரும்பி வரவில்லை. நன்றிக்கடனாக அவருடைய குசினிக்கு இலவசமாகப் பெயின்ற் அடிக்கிறேன் என்று என் கணவர் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். இத்தாலியர் விடவில்லை. பெயின்ற் ரின்னைத் திறக்கும் முன்பே செக்கை எழுதி என் கையில் வைத்தார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

முன்பின் தெரியாத ஒருத்திக்காக வாய் திறந்து தன் வேலையை இழந்த அந்த மனிதரைத் தெரிந்த பிறகு, எனக்கென்ன என்று பேசாமல் இருந்துவிட என்னால் ஒரு இடத்திலும் முடிந்ததில்லை.