பூசி மூடிய சுவரும் கோமதி அக்காவும்

செய்தி வந்தபோது எறணாகுளம் படகுத்துறையில் மட்டாஞ்சேரிப் படகுக்காக நின்றிருந்தேன். கோமதி அக்காவின் தம்பி போனில் பேசினார். "அக்கா போயிட்டா. காத்தால காப்பி கேட்டா, கொண்டு வரதுக்குள்ள..." நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது எனக்குத் தெரியும். வீடு திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். படகு மட்டாஞ்சேரியை நெருங்கியபோது கரையோரக் கிடங்குகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தச் சுவர்களைப் பற்றி இனி யாரிடம் கேட்பது என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகு வந்தது.

அவரை அறியாத சிலரும் இதைப் படிக்கக்கூடும். பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த கிடங்குகள் ஓவியக்கூடங்களாக மாறத் தொடங்கியபோது, எந்தச் சுவர் நிற்கும், எது நிற்காது என்று சொல்பவர் அவர். அந்தக் கூடங்களில் மாட்டும் விளக்கப் பலகைகளை எழுதுபவள் நான். அக்கா இனிமையாகப் பேசத் தெரியாத மனுஷி. சாப்பிடும்போது வேலையைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுவார். பேய்க்கதை தொடங்கினால் எழுந்தே போய்விடுவார்.

சந்துக்குள் இருந்த ஒரு கிடங்கைப் பார்க்க நாங்கள் சேர்ந்து போனோம். வெளியே அளந்த நீளமும் உள்ளே அளந்த நீளமும் ஒத்துவரவில்லை. "கடைசிச் சுவருக்குப் பின்னால ஒரு அறை இருக்கு. கதவு இல்லை, ஜன்னல் இல்லை. யாரோ வேணும்னே மூடியிருக்கா" என்றார். சந்துப் பக்கம் வந்தால், அதே இடத்தில் வெளிச்சுவர் மெழுகு வழிந்து கறுத்திருந்தது. எதிர்வீட்டு ரோசி சேச்சிதான் அங்கே மெழுகுவர்த்தி வைப்பவர். "உள்ளே காப்பிரி உண்டு மோளே" என்றார். சில நூற்றாண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது, புதையலுக்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அவர்கள்தான் காப்பிரிகள். கோமதி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகும் வழியில் என்னிடம், "பேய்னு சொல்லிட்டா மனுஷாளை மறந்துடலாம் பாரு, அதுக்குத்தான் இந்தக் கதையெல்லாம்" என்றார்.

அந்தக் கடைசிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அறையை முறைப்படி திறந்து பார்த்த பிறகுதான் கூடத்தைத் திறக்கவேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. அதே சுவரில் துளைபோட்டு ஒரு பிரம்மாண்டமான ஓவியத்தை மாட்டினார்கள்.

திறப்புவிழா அன்று காலையில் கண்ணாடிகள் எல்லாம் உடைந்திருந்தன. அக்கா கூடத்தின் கதவைப் பூட்டிவிட்டு அதன் முன்னால் நின்றார். மேலாளர் ஓடிவந்தார்.

"மேடம், பெரிய ஆளுங்க எல்லாம் வராங்க. இந்த நேரத்துல பிரஷ்னம் உண்டாக்காதீங்க."

"வரட்டும். முற்றத்துல நின்னு பேசிட்டுப் போகட்டும்."

"உங்க வேலை இன்னியோட தீர்ந்தது, கேட்டோ."

"தீரட்டும். உள்ளே ஒருத்தரையும் விட மாட்டேன்."

விழா முற்றத்தில் நடந்தது. அக்காவைப் பார்த்துச் சிலர் சிரித்ததை நான் கண்டேன். வேலை போயிற்று.

சில நாள் கழித்து வேலியேற்றம் வந்தது. காயல் நீர் ஏறி வீடுகளுக்குள் புகுவதை இங்கே அப்படித்தான் சொல்வோம். தண்ணீர் கிடங்கின் தரைக்கு அடியிலிருந்தே ஊறி வந்தது. காலை வெளிச்சத்தில், அந்தச் சுவர் ஓவியத்தோடு கூடத்துக்குள் சாய்ந்தது. உள்ளே யாரும் இல்லை.

காவல்காரர் தகவல் சொல்லி நாங்கள் போனோம். தண்ணீர் வடிந்த சேற்றில் நின்று அந்த அறையைப் பார்த்தோம். எலும்பு இல்லை, புதையலும் இல்லை. தரையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில், சுவரில் இரும்பு வளையங்கள் வரிசையாக இருந்தன. சந்துப் பக்கச் சுவரில், தரையில் உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில், ஒரு சிறிய காற்றுத் துளை. வெளியே அதைப் பூசி மூடியிருந்தார்கள். உட்புறம் அதன் செங்கல் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அக்கா அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல் எடுத்தார். "விரல் பட்டுப் பட்டுத் தேஞ்சது" என்று மட்டும் சொன்னார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. துளையின் மறுபக்கம் ரோசி சேச்சி மெழுகுவர்த்தி வைக்கும் இடம்.

அக்கா நேராக எதிர்வீட்டுக்குப் போனார். "சேச்சி, அந்த இடத்துல வைக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அம்மச்சி வச்சா, நானும் வைக்கறேன். எதுக்குன்னு அறியில்ல. அங்கே பிரார்த்திச்சா உள்ளே ஒரு ஆளுக்குக் கேக்கும்னு அம்மச்சி பறயும்."

"நான் உங்களை மனசுக்குள்ள பரிகாசம் பண்ணினேன். மன்னிச்சுக்கோங்கோ" என்றார் அக்கா. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

சுவரை மறுபடி கட்டவில்லை. அறையையும் கூடத்தோடு சேர்த்து, அங்கே ஒரு காப்பிக்கடை வைத்தார்கள். வளையங்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, அவற்றில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டினார்கள். 'இந்தத் துறைமுகத்தில் மனிதர்களையும் விற்றார்கள். இந்த அறை எதற்கென்று உறுதியாகத் தெரியாது. வளையங்களின் உயரத்தைப் பாருங்கள்' என்று நான் எழுதிக் கொடுத்தேன். பலகையில் வந்தது 'பழங்கால இரும்பு வேலைப்பாடு' என்பது. அக்கா மாலை நேரங்களில் அங்கே போய் உட்கார்வார். பக்கத்து மேசைக்காரர்களிடம், "இது என்ன அறைன்னு தெரியுமோ?" என்று தொடங்குவார். சிலர் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் அவரை உள்ளே விடக்கூடாது என்று வாசலில் சொல்லிவைத்தார்கள். "அங்கே இருந்தவா அடிமைகள்தான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அலங்காரம்னு சொல்லக் கேட்டுண்டு இருக்கவும் முடியாது" என்று என்னிடம் பொருமினார். அது சென்ற மழைக்காலம்.

அவரைத் தகனம் செய்து சில நாட்கள்தான் ஆகின்றன. இதற்குள் சுள்ளிக்கல்லில் இன்னொரு கிடங்குக்குப் பலகை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். "ஒரு ஆவிக்கதை சேர்த்துக்குங்க, ஆளுங்களுக்கு இஷ்டப்படும்" என்றார்கள். முதலில் உள்ளே பார்க்கவேண்டும் என்றேன். புதிதாக வெள்ளையடித்த சுவர் ஒன்று. அதன் பின்னால் என்ன என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது. கையை வைத்தேன். கோடையிலும் அது ஈரமாக இருந்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தெரிந்ததை மழுப்பாமல் சொல்லவும் கோமதி அக்காவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். சுள்ளிக்கல் பலகையில் இதுவரை ஒரு சொல்லும் எழுதவில்லை. சுவரைத் திறக்கும்வரை எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.