சட்டைப் பையில் இருந்த சொட்டு மருந்து

கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அந்தக் கண் மருந்துச் சீசா. சித்தப்பாவின் சட்டைப் பையில் பீடிக்கட்டோடு கிடந்தது. எதிர் குவார்ட்டர்ஸ்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி மிஞ்சிய மருந்து. எங்கள் பிளாக்கில் அதுதான் வழக்கம். மிஞ்சிய சொட்டு மருந்து ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும். கண் சிவந்தவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். நெய்வேலியில் கண் சிவந்தால் கரித்தூள்தான், வேறு காரணம் யாரும் யோசிப்பதில்லை.

சித்தப்பா எங்களோடு தங்கி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். பர்மனென்ட் ஆவதற்கான மருத்துவப் பரிசோதனை நெருங்கும்போது வலது கண் சிவந்தது. சொட்டு விட்டதும் சிவப்பு குறைந்தது. பிறகு வெளிச்சம் பட்டாலே கூசியது, பார்வையும் மங்கியது. மைன்ஸ் ஆஸ்பத்திரியின் கண் டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

அவர் பஞ்சு இழையால் கருவிழியைத் தொட்டார். தொட்டதே தெரியாதது போல சித்தப்பா இமைக்கவே இல்லை. பிறகு மஞ்சள் சாயம் வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

“தூள் விழுந்த கீறல் இல்லீங்க. புண்ணு கிளை கிளையா ஓடுது. வைரஸ். வேற மருந்து ஏதாவது விட்டீங்களா?”

“இல்லீங்க” என்றார் சித்தப்பா. கை சட்டைப் பைக்குப் போனது. அந்தக் கையை அப்போதே சந்தேகப்பட்டேன்.

வெளியே வந்ததும், “வேலையில தூள் வுழுந்துச்சுன்னு எழுதுனா கம்பெனிதான செலவு பாக்கணும்? அதான் வைரஸ்னு கைய கழுவுறாங்க பாப்பா” என்றார். எனக்கும் அது முழுப் பொய்யாகத் தோன்றவில்லை. கான்ட்ராக்ட் ஆளிடம் யார்தான் உள்ளதைச் சொல்கிறார்கள்?

டாக்டரம்மா கொடுத்த களிம்பைப் போட்டார். ஆனாலும் புண் பெரிதானது. மறுமுறை போனபோது சித்தப்பாவின் சட்டைப் பையிலிருந்த சீசாவை நானே எடுத்து மேசையில் வைத்தேன்.

“இது ஸ்டீராய்டு. ஆபரேஷன் ஆன கண்ணுக்குச் சரி. இந்தப் புண்ணுக்கு இதுதான் தீனி” என்றார் டாக்டரம்மா.

“அத வுட்டாதாங்க எரிச்சல் அடங்குது” என்றார் சித்தப்பா, குற்றவாளி போல.

புண் ஆறியது, கருவிழியில் வெண்தழும்பு நின்றுவிட்டது. பரிசோதனையில் தேறவில்லை.

கல்யாணமாகி நானும் நெய்வேலியிலேயே இருக்கிறேன். போன வாரம் எனக்குக் கண் சிவந்தது. மாமியாரின் ஆபரேஷனுக்கு வாங்கி மிஞ்சிய சீசாவை என் கணவர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வந்தார். பலாப்பழத்தோடு வந்திருந்த சித்தப்பா அதைப் பிடுங்கி இடது கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“யாரு கண்ணுக்கு எழுதுனது இது?”

சொன்னோம். சீசா குப்பைக்கூடைக்குப் போனது.

“அந்த டாக்டரம்மாவ இன்னிக்கும் நான் நம்பல பாப்பா” என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. “கெளம்பு, அவங்ககிட்டயே போயிடலாம்.”